சார் வீட்டு அக்கா

அத்தியாயம் 14

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் மகேஸ்வரன் மனைவியைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தான்.

சுப்ரஜா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்திருந்தாள். ஏழு வயது பிருந்தா, பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பெண் தன் ரப்பரை எடுத்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லா நாளும் நடப்பதுதான். ஆனால் ஒன்பது நாளாக அவனால் இந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால்தான் அவன் அந்தக் கடிதங்களைப் படித்தான்.

அன்று சுப்ரஜா அக்கா வீட்டு வளைகாப்புக்கு ஆழ்வார்திருநகரி போயிருந்தாள். அவனுக்குக் கல்லூரியில் பிற்பகல் வகுப்பு இல்லை. ஆறு மாதமாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த சந்தேகத்தை இன்றோடு தீர்த்துவிடுவது என்று கம்ப்யூட்டரைப் போட்டான். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் பழகியதால் சுப்ரஜா ஆசைப்பட்டு வாங்கிய கம்ப்யூட்டர் அது. வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் அதற்குள்ளேயே சேர்ந்து கிடந்தன. பூட்டு எதுவும் இல்லை.

ஆறு மாதமாகச் சாயங்காலம் ஐந்து மணியானால் டெலிபோன் லைனை எடுத்து அதில் சொருகிவிடுவாள். கீச்சுக்கீச்சென்று சத்தம் வரும். அப்புறம் திரையைப் பார்த்துச் சிரிப்பாள். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பில் யோசனை சொல்லும் ஒரு சேவை என்று மட்டும் சொன்னாள். அவன் நம்பவில்லை. பெங்களூரில் அவளோடு வேலை பார்த்த யாரோ ஒருவன் என்று முடிவு கட்டி, அவனுக்கு ஒரு முகமும் கொடுத்து வைத்திருந்தான். மெல்லிய மீசை, கண்ணாடி, தடங்கலில்லாத இங்கிலீஷ்.

கடிதத்தைத் திறந்தால், எழுதியிருந்தது ஒரு பெண். உடன்குடிக்காரி. பனையேறி மகள். அரசு விடுதியில் தங்கி, இதே பாளையங்கோட்டையில், இவனுடைய கல்லூரியிலேயே, இவனுடைய வகுப்பிலேயே பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் வருஷம் படிக்கிற தேன்மொழி.

அவனுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். தன் புத்தியை நினைத்துத் தானே வெட்கப்பட்டான்.

அத்தோடு அணைத்திருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த கடிதத்தைப் படித்தான். அதற்கடுத்ததையும் படித்தான்.

மூன்று வருஷமாக அவன் வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்து, பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்கிற பெண், சுப்ரஜாவிடம் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டிருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், நேர்முகத் தேர்வுக்குத் தாவணி போட்டுப் போனால் சிரிப்பார்களா என்றெல்லாம் கேட்டிருந்தது. ஐந்தாவது கடிதத்தில் அவனைப் பற்றியும் இருந்தது.

'எங்க மெக்கானிக்ஸ் சார் நல்லாத்தான் நடத்துவாரு அக்கா. ஆனா நாம ஒரு கேள்வி கேட்டா, அவரைக் குத்தம் சொன்ன மாதிரி ஒரு பார்வை பாப்பாரு. அதுக்குப் பயந்தே யாரும் கேக்க மாட்டோம்.'

அதற்குச் சுப்ரஜாவின் பதில்: 'அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த ஒருவரிடமும் உண்டு. அது கோபம் இல்லை. பதில் தெரியாமல் போய்விடுமோ என்கிற பயம்.'

எட்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவனிடம் சொல்லாத வார்த்தை. அதை யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். இன்னும் எவ்வளவோ சொல்லியிருந்தாள். பெங்களூருக்குப் போன புதிதில் இங்கிலீஷ் பேச வராமல் ஆபீஸ் குளியலறையில் போய் அழுததை. முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கியதை. இப்போது சில நாள் மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும்போது அந்தப் பழைய சுப்ரஜா எங்கே போனாள் என்று தேடுவதை.

அந்த பெங்களூர்க்காரனே இருந்திருக்கலாம் என்று தோன்றியது மகேஸ்வரனுக்கு. அவனோடாவது சண்டை போடலாம்.

*

"இன்னைக்கு வர நேரமாகுமா அத்தான்?"

சுப்ரஜா ரிப்பனை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். தெரியாது என்றான்.

அவள் இன்னும் ஏதோ கேட்க வந்து நிறுத்தினாள். இந்த வாரத்தில் இரண்டு தடவை அவள் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டாள், பிள்ளைகள் யாராவது மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டால் கொடுப்பதுண்டா என்று. கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்கே எம்.எஸ்ஸி.யும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்த்துப் படிக்க ஆண்டுக்குப் பதினைந்து பேரை எடுப்பார்கள். இடம் கிடைத்தால் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேன்மொழி விண்ணப்பம் போடுகிறாள். மூன்று வருஷம் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரின் கடிதம் வேண்டும். மூன்று வருஷமும் அவளுக்குப் பாடம் நடத்தியவன் மகேஸ்வரன் ஒருவன்தான். விண்ணப்பம் இன்று தபாலில் சேர்ந்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வந்து கேட்டாள். வியாழக்கிழமை வா என்றான். வியாழக்கிழமை வந்தாள். நாளைக்குப் பார்ப்போம் என்றான்.

இன்று அவன் துறைக்குள் நுழையும்போதே கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் பழுப்புக் கவர். மழையில் நனையாமல் இருக்க அதைப் பாலிதீன் பைக்குள் போட்டிருந்தாள். மத்தியானம் வா என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

துறைத் தலைவர் குமரகுருபரன் ரிடையர் ஆக ஒரு வருஷம் இருக்கிறவர். எதையும் உரக்கப் பேச மாட்டார். பதினொரு மணிக்கு டீ குடிக்கும்போது, "அந்த உடன்குடிப் பிள்ளைக்கு எழுதிக் குடுத்திட்டீராவே?" என்று கேட்டார். எழுதணும் என்றான் மகேஸ்வரன். "பைய எழுதலாம்னு விட்டுராதியும். நம்ம காலேஜ்ல இருந்து அங்கன ஒருத்தரும் போனதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் டம்ளரைக் கழுவப் போனார்.

நம்ம காலேஜில் இருந்து ஒருத்தரும் போனதில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அதே நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பி வந்தவன் மகேஸ்வரன். அது குமரகுருபரனுக்குத் தெரியாது. சுப்ரஜாவுக்கும் தெரியாது.

இரண்டு மணிக்குத் தேன்மொழி மறுபடி வந்தாள். அறையில் வேறு யாருமில்லை. மேஜைக்கு எதிரில் நின்று, படிவத்தை எடுத்து, அவன் எழுத வேண்டிய பக்கத்தைத் திருப்பி வைத்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். இன்றைக்கே போடணும். அப்பா கருத்தையா இன்று சாயங்காலம் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். இது கிடைக்காது என்றால் தை மாதம் மாமன் மகன் மகாராஜாவுக்கே பேசி முடித்துவிடுவதாக அம்மா சொல்கிறாள். விண்ணப்பம் போட்டாச்சு என்று சொன்னால் ஜூன் வரைக்கும் பொறுப்பார்கள்.

இதெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். சுப்ரஜாவுக்கு எழுதிய கடிதத்தில் படித்திருந்தான். தன்னிடம் இப்போது அவசரத்துக்கு நாலு வரியில் சொல்வதை அங்கே நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

அவன் பேனாவைத் திறந்தான். மூடினான்.

"எங்கிட்ட எதுக்கு வாரே? உனக்குச் சொல்லிக்குடுக்க வேற ஆளு இருக்குல்லா. வாராவாரம் எழுதுதேல்லா ஒரு அக்காவுக்கு. அவகிட்டயே வாங்கிக்கிடேன்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது.

தேன்மொழியின் முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் காது மடல் சிவந்தது.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவனுக்கு இரண்டே கால் மணி வகுப்பு இருந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

*

திரும்பி வரும்போது மணி மூன்றேகால். மேஜை மேல் படிவம் இல்லை. பெண்ணும் இல்லை.

நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. அலமாரியைத் திறந்து, செப்டம்பர் மாதத் தேர்வுத் தாள் கட்டை எடுத்தான். அதில் ஒரு தாளை ஒன்பது நாளாக அவன் மனது தேடிக்கொண்டிருந்தது.

உருண்டையின் உச்சியில் இருந்து வழுக்கி இறங்கும் பொருள் எந்த இடத்தில் உருண்டையை விட்டுப் பிரியும் என்று ஒரு கணக்கு. அவன் வகுப்பில் இரண்டு பக்கத்துக்கு நடத்தியிருந்தான். வகுப்பு முழுக்க அதை அப்படியே எழுதி வைத்திருந்தது. தேன்மொழி மட்டும் ஆறே வரியில் போட்டிருந்தாள். விடை சரி. அவன் குறுக்கே சிவப்பு மையால் அடித்து, பத்துக்கு இரண்டு போட்டு, 'எதில் பார்த்து எழுதினாய்?' என்று எழுதியிருந்தான்.

கடிதங்களைப் படித்த அன்று அவனுக்கு உடனே இந்த ஆறு வரிதான் ஞாபகம் வந்தது. ஓகோ, சுப்ரஜா சொல்லிக்கொடுத்தது என்று எண்ணிக்கொண்டான். அப்படி எண்ணியதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

ஆனால் அது பொய் என்று அவனுக்குத் தெரியும். அவனே படித்த கடிதத்தில் இருந்தது. 'எனக்குப் பிசிக்ஸ் பன்னிரண்டாம் வகுப்போடு சரி தேன்மொழி. நீ போட்ட கணக்கை நீதான் எனக்குப் புரிய வைக்கணும்' என்று சுப்ரஜா எழுதியிருந்தாள். அந்தப் பெண் புரியவும் வைத்திருந்தது, பனை உச்சியில் இருந்து சறுக்கி இறங்குகிற தன் அப்பாவை உதாரணமாகச் சொல்லி.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயதில் எனக்கு இது தோன்றியிருக்குமா என்று கேட்டுப் பார்த்தான். தோன்றியிருக்காது. முப்பத்தெட்டு வயதில், பன்னிரண்டு வருஷம் இதே கணக்கை நடத்திய பிறகும் தோன்றவில்லை. பெங்களூர்க்காரன் மேல் வந்த பொறாமை பொய். சுப்ரஜா மேல் வந்தது பாதி உண்மை. கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண் மேல்தான் அவனுக்குப் பொறாமை, செப்டம்பரில் இருந்தே.

மகேஸ்வரன் துறையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்துச் சிபாரிசுக் கடிதத்தை எழுத ஆரம்பித்தான். இரண்டு பக்கம் வந்தது. அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்து விடுதிக்குப் போனான். அந்தப் பிள்ளை மூன்று மணிக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது என்றார் விடுதி வாட்ச்மேன்.

*

நாலு மணிக்குப் பிருந்தா பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தது. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சுப்ரஜா அதற்குப் பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். தபால் போட்டாச்சு அக்கா என்ற வரியைத்தான் எதிர்பார்த்தாள்.

கடிதம் வந்திருந்தது.

'அக்கா, நான் உங்களுக்கு எழுதினது எங்க சாருக்குத் தெரிஞ்சிருக்கு. யார்கிட்ட காட்டினீங்கன்னு நான் கேக்கல. கேட்டா நீங்க ஒரு காரணம் சொல்வீங்க, நான் நம்பிருவேன். அதனால கேக்கல. இன்னைக்கு ஊருக்குப் போறேன். இனிமே எழுத மாட்டேன். இவ்வளவு நாள் எழுதினதுக்கு நன்றி.'

சுப்ரஜா அதை இரண்டாம் தடவை படிக்கவில்லை. முதல் தடவையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது நாளாக வீட்டில் இருந்த அந்த மௌனம், சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தது, 'உனக்கென்ன, எழுத ஆளிருக்கு' என்று ஒரு நாள் சம்பந்தமில்லாமல் சொன்னது, எல்லாம்.

இந்தச் சேவையை நடத்துகிறவர்கள் பெங்களூரில் இருக்கிற தமிழ்க்காரர்கள். அவர்கள் சொன்ன விதிகள் இரண்டு. படிப்பு முடியும் வரை மாணவரை நேரில் பார்க்கக் கூடாது. தன் ஊர், குடும்ப விவரத்தை மாணவரிடம் சொல்லக் கூடாது. நெல்லைப் பேச்சு புரிகிற ஆள் என்பதால்தான் தேன்மொழியை அவளிடம் கொடுத்தார்கள். மூன்றாவது கடிதத்திலேயே அவள் யாருடைய மாணவி என்று சுப்ரஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முருகன்குறிச்சியில் தாஜ் முகம்மதுவின் பிரௌசிங் சென்டரில் இருந்துதான் தேன்மொழி எழுதுவாள். சுப்ரஜா லைனைக் கழற்றி டெலிபோனில் மாட்டி, டைரக்டரியில் நம்பர் தேடிப் பேசினாள். "அந்தப் பிள்ள இப்பத்தாம்மா போச்சு" என்றார் தாஜ் முகம்மது. "அழுதுக்கிட்டே டைப் அடிச்சுது. கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகும்."

சுப்ரஜா கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, குடையோடு தெருவில் இறங்கி, வந்த ஆட்டோவை நிறுத்தினாள்.

*

உடன்குடிக்குத் திருச்செந்தூர் வழியாகத்தான் போக வேண்டும். பாளை பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர்ப் பேருந்துகள் வரிசையாக நின்றன. மார்கழி மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. பெரும்பாலான ஜன்னல்களில் தார்பாய் இறக்கியிருந்தார்கள். இருபத்தாறு கடிதம் எழுதியவளுக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது.

சுப்ரஜா ஒவ்வொரு பஸ் பக்கமாகப் போய், "தேன்மொழி" என்று கூப்பிட்டாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது பஸ்ஸில் ஒரு தார்பாய் விலகியது.

முகத்தை வெளியே நீட்டிய பெண் முதலில் பார்த்தது பிருந்தாவைத்தான். கல்லூரி விளையாட்டு விழாவுக்கு மகேஸ்வரன் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மைதானம் முழுக்கக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தான்.

"இது மகேஸ்வரன் சார் பாப்பால்லா? நீங்க சார் வீட்டு அக்காவா? சார் அனுப்பினாங்களா?"

"சார் அனுப்பல. நான்தான் சுப்ரஜா."

தேன்மொழி புரியாமல் பார்த்தாள். புரிய ஆரம்பித்ததும் தார்பாயைப் பிடித்திருந்த கை இறுகியது.

"அப்ப நான் எழுதினதையெல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து படிச்சீங்களா?"

"இல்ல. அவரு எனக்குத் தெரியாமப் படிச்சிருக்காரு. உன் லெட்டரப் பாத்துத்தான் எனக்கே தெரியும்."

"நான் யாரைச் சொல்லுதேன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அன்னைக்கே ஏன் சொல்லல அக்கா?"

சுப்ரஜா பொய் சொல்லவில்லை. "சொன்னா உன்ன வேற ஆளுகிட்ட மாத்திருவாங்க. உன்ன விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல."

தேன்மொழி பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், யாரம்மா என்று விசாரித்தாள். கண்டக்டர் ஏறி, ஆறுமுகநேரி, திருச்செந்தூர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுப்ரஜா கெஞ்சவில்லை. விண்ணப்பம் எங்கே என்று கேட்டாள். பையில் இருந்தது. வீட்டுக்கு வா, கடிதம் எழுத வைப்பது என் பொறுப்பு, எழுதவில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நானே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன் என்றாள். ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷனில் இருக்கும் தபால் பிரிவில் ஏழு மணி வரை ஸ்பீட் போஸ்ட் வாங்குவார்கள்.

"அவரு எழுத மாட்டாரு அக்கா. உங்களுக்கு அவரைத் தெரியாது."

சொல்லிவிட்டு, தான் சொன்னது யாரிடம் என்று அவளுக்கே உறைத்தது. லேசாகச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். தேன்மொழி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

*

மகேஸ்வரன் வீட்டுக்கு வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. யாரும் இல்லை. பால் டம்ளர் பாதியில் இருந்தது. திரையில் தேன்மொழியின் கடிதம் இருந்தது.

இந்தத் தடவை அவன் தேடிப் போகாமலே கண்முன் இருந்த கடிதம். நின்றபடியே படித்தான். 'நீங்க ஒரு காரணம் சொல்வீங்க, நான் நம்பிருவேன்' என்ற இடத்தில் அவன் கண் நின்றுவிட்டது. அப்படி யாரும் தன்னை நம்பியதில்லை என்று தோன்றியது. ஒரு நிமிஷம் அதற்கும் பொறாமையாக இருந்தது.

ஆட்டோ சத்தம் கேட்டது. முதலில் பிருந்தா ஓடி வந்தது. பின்னால் சுப்ரஜா. அவளுக்குப் பின்னால் வாசலிலேயே நின்றுவிட்டாள் தேன்மொழி.

சுப்ரஜா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகேஸ்வரன் சட்டைப் பையில் இருந்து நீளக் கவரை எடுத்தான். ஒட்டவில்லை. வாசலுக்குப் போய் அதைத் தேன்மொழியிடம் நீட்டினான்.

"படிச்சுப் பாத்துட்டு ஒட்டு."

ஆசிரியர் கடிதத்தை மாணவர் படிக்கக் கூடாது என்பது வழக்கம். அவள் தயங்கினாள். அவன் படி என்று கையை ஆட்டினான். தேன்மொழி வாசல் வெளிச்சத்தில் நின்று இரண்டு பக்கத்தையும் படித்தாள். இங்கிலீஷில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் மேலே போய்த் திரும்பவும் படித்தாள்.

இந்த மாணவி செப்டம்பர்த் தேர்வில் ஒரு கணக்கை நான் நடத்தாத, எனக்கே தெரியாத ஒரு வழியில் சரியாகப் போட்டார், நான் அதைத் தவறென்று அடித்தேன், தவறு என்னுடையது என்று அவன் எழுதியிருந்தான்.

"இதப் போய் எழுதணுமா சார்?"

"நடந்ததுதான. அங்கன உள்ளவங்களுக்கு அந்த ஆறு வரி புரியும். நான் பாராட்டி எழுதுததவிட அதுக்கு மதிப்பு கூட."

மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை. கவரை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பாலிதீன் பையில் பத்திரமாக வைத்தாள். மணி ஐந்தரை ஆகியிருந்தது. ஸ்கூட்டரில் ஜங்ஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான் மகேஸ்வரன். நானும் வருகிறேன் என்றாள் சுப்ரஜா. காபியாவது குடி என்றாள்.

தேன்மொழி எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தாள். கோபமாக இல்லை. ஆனால் இருவரிடம் இருந்தும் ஓரடி தள்ளியே நின்றாள்.

"நானே போய்க்கிடுதேன் அக்கா. டவுன் பஸ் இருக்கு. தபால் போட்டுட்டு அங்கனயிருந்தே எங்க ஊர்க் கடைக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட சொல்லிருதேன். இன்னைக்கு ஊருக்குப் போகல."

படியிறங்கியவள் திரும்பினாள். மகேஸ்வரனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சார், நான் அக்காவ உங்ககிட்ட இருந்து பிரிச்சு எடுத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க. அக்கா ஜூன்ல பெங்களூர் வேலைக்குப் போனப்புறம் அந்த ஆபீஸ் விலாசத்துக்கே என்னை எழுதச் சொல்லிருக்காங்க. உங்க வீட்டுக்கு என் லெட்டர் வராது."

சொல்லிவிட்டுக் குடை இல்லாமல் தெருவில் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்து போய்விட்டாள்.

மகேஸ்வரன் அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். அவன் படித்தது ஒன்பது நாளைக்கு முந்தின கடிதங்கள் வரைதான். ஜூன் என்றும் பெங்களூர் என்றும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

உள்ளே சுப்ரஜா கீழே உட்கார்ந்து பிருந்தாவின் ஈர ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு வினாடி நின்று, மறுபடி வேலையைத் தொடர்ந்தது. தேன்மொழி சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"ஜூன்லயா?" என்று கேட்டான்.

"ஆமா அத்தான். பழைய கம்பெனியிலேயே கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமைதான் லெட்டர் வந்தது."

"எங்கிட்ட சொல்லல."

"நீங்க ஒரு வாரமா எங்கிட்ட பேசல."

அது உண்மை. ஷூ கழன்று வந்தது. பிருந்தா ஈரக் காலோடு உள்ளே ஓடியது. அது போவதைப் பார்த்துவிட்டு, "பாப்பா?" என்றான்.

"எங்கூடத்தான் வருவா. பள்ளிக்கூடம் விசாரிச்சிருக்கேன்."

அவ்வளவு தூரம் போயிருக்கிறது. இதெல்லாமும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெருவில் வீடு, எல்லாம் எழுதியிருப்பாள். மகேஸ்வரனுக்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. சுப்ரஜா கடிதத்தில் சொல்லியிருந்த அந்தப் பயம்தான். இந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்து, அதையும் தேன்மொழிக்கு முன்கூட்டியே எழுதியிருந்தால் என்ன செய்வது?

ஆனாலும் கேட்டான்.

"அப்ப நான்?"

சுப்ரஜா நனைந்த ஷூ இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை மட்டும் நான் இன்னும் யாருக்கும் எழுதல அத்தான்."